மரண நோயும் மறைக்கப்படும் செய்தியும்

ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதியவர்கள் 'கிதாபுல் ஜனாயிஸ்' என்னும் பாடத்தை அறிவார்கள். அப்பெயரைக் கேட்டவுடன் குளிப்பாட்டுதலும் கஃபனும் கப்ருமே நினைவுக்கு வரும். ஆனால், ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இப்பாடத்தை மய்யித்திலிருந்து தொடங்கவில்லை, உயிரோடிருப்பவனிடமிருந்து தொடங்குகிறது. மரணத்தை அதிகம் நினைத்தல், தவ்பா செய்தல், பிறருக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவை எல்லோருக்கும் உரியன என்றும், நோயாளிக்கு இவை மேலும் வலியுறுத்தப்பட்டவை என்றும் கூறிய பின்னரே, ஸக்ராத்தில் இருப்பவரைக் கிப்லாவின் பக்கம் கிடத்துவது, நச்சரிக்காமல் கலிமாவை நினைவூட்டுவது என்று செல்கிறது. அதே பாடத்தில் சற்றுத் தள்ளி, மருந்து செய்துகொள்வது சுன்னத், நோயாளியை அதற்கு வற்புறுத்துவது மக்ரூஹ் என்ற சட்டமும் வருகிறது.

இதை நாம் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். உண்மையைச் சொன்னால், பரீட்சையில் கேட்கப்படும் சட்டம் என்பதற்கு மேல் இதில் நம் மனம் தங்கியதில்லை. தங்க வைத்தது ஓர் அறுவை மருத்துவரின் ஆங்கில நூல். பாஸ்டன் நகரில் பணியாற்றும் அதுல் கவாண்டே 2014இல் வெளியிட்ட 'பீயிங் மார்ட்டல்' அது. ஆசிரியர் அமெரிக்காவில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் இந்தியாவிலிருந்து சென்ற மருத்துவர்கள்.

மருத்துவக் கல்லூரி தமக்கு எல்லாவற்றையும் கற்பித்தது, மனிதன் இறப்பான் என்பதைத் தவிர என்ற குறையோடு நூல் தொடங்குகிறது. 1886இல் டால்ஸ்டாய் எழுதிய 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலைக் கவாண்டே முதலிலேயே நினைவுகூர்கிறார். அதில் நோயாளியை வலியைவிட அதிகமாக வதைப்பது, சுற்றியுள்ளோர் அனைவரும் சேர்ந்து நடத்தும் பொய். அவர் இறந்துகொண்டிருக்கிறார் என்பதை மனைவியும் சொல்வதில்லை, வைத்தியர்களும் சொல்வதில்லை. கால்களைத் தன் தோளில் தாங்கிப் பிடித்திருக்கும் கெராஸிம் என்ற வேலைக்காரன் ஒருவனே பொய் பேசாதவன். பேலியேட்டிவ் கேர் என்று இன்று வழங்கும் வலி தணிப்புச் சிகிச்சையின் பாதி இலக்கணம் அந்த வேலைக்காரனிடமே இருக்கிறது என்பது நம் கணிப்பு.

நூலின் உயிர்ப்பகுதி 34 வயதுப் பெண் ஒருவரின் வரலாறு. முதல் குழந்தை பிறக்கும் தறுவாயில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிகிறது. ஒரு மருந்து பலிக்காவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லையெனில் அதற்கடுத்தது என்று மாதங்கள் செல்கின்றன. நோய் குணமாகாது என்பது மருத்துவர் யாவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. அப்பெண்ணைப் பரிசோதித்த கவாண்டேயும் நடவாத ஒன்றை நடக்கலாம் என்பதுபோல் பேசிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். தம் பிழையை இவ்வாறு பெயர் சுட்டி எழுதும் துணிவு அறிஞர்களிடம் அரிது. நம் வட்டத்தில் மிக அரிது. இதையடுத்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறார். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வலி தணிப்பு மருத்துவரின் ஆலோசனையும் தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அவர்கள் பெற்ற கடுமையான சிகிச்சை குறைவு. ஆயினும் வாழ்ந்த காலம் அதிகம். மற்றவர்கள் 8.9 மாதம், இவர்கள் 11.6 மாதம்.

வலி தணிப்பு என்றதும், 'மருத்துவத்தைக் கைவிடுவது', 'உயிரை முடிப்பது' என்றெல்லாம் நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். உயிரை முடிப்பது வேறு. அது ஹராம் என்பதில் விவாதமில்லை. கவாண்டேயும் அதைக் கொண்டாடவில்லை. 2012 அளவில் நெதர்லாந்தில் 35 மரணங்களில் ஒன்று மருத்துவர் துணையுடன் தேடிக்கொண்ட மரணம் என்பதை வெற்றியாக அன்றித் தோல்வியாகவே காண்கிறார். பயன் தராது என்று தெரிந்த பிறகும் குழாய்மேல் குழாய் செருகுவது கடமையா என்பதே இங்குள்ள கேள்வி. நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில், வேண்டாமென்று அவர்கள் சைகை செய்த பின்னும், நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்புதானே என்றெண்ணி வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் அவர்கள் அதைக் கண்டித்தார்கள். அப்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டச் சொன்னார்கள் என்று புகாரியில் உள்ளது. நோயாளியை உண்ணவும் பருகவும் வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸின் தரத்தில் முஹத்திஸுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; இந்த மருந்துச் செய்தியில் அப்படி எதுவும் இல்லை.

மார்ஃபின் என்றால் போதை என்று ஒதுங்குவதும் இத்தகைய அச்சமே. தகுந்த மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது, நோயாளி தொழுகையையும் பேச்சையும் இழக்காமல் வலியை மட்டும் இழக்க இயலும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரே நோயாளியின் படுக்கையருகே செல்லும் இயக்கமாக வளர்ந்தது. அது நமக்கு மொழி எல்லைக்கு அப்பால் இருக்கிறதே தவிர, தொலைவில் இல்லை.

இனி, நூலில் நாம் மாறுபடும் இடம். கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி வந்த முதிய பேராசிரியர் ஒருவரிடம், எந்த நிலைவரை உயிர்வாழச் சம்மதம் என்று அவருடைய மகள் கேட்கிறார். மகளே இத்துறை வல்லுநர். அவரே கேட்காமல் பாதி வழி போய்விட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்கிறார். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும் தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கவும் முடிந்தால் போதும் என்கிறார் தந்தை. முதல் வாசிப்பில் நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிற்று. அம்மகளுக்குத் தன் தந்தையின் விருப்பம் தெரிந்தது. நம்மில் எத்தனை பேருக்கு நம் தந்தையின் விருப்பம் தெரியும்? கேட்டால் அவர் ஒளுச் செய்ய முடிந்தால் போதும், வக்து தெரிந்தால் போதும் என்று சொல்லக்கூடும். நாம்தான் கேட்பதில்லை.

ஆயினும் குறை குறைதான். உனக்கு என்ன வேண்டும் என்பதே இந்நூல் நோயாளியிடம் கேட்கச் சொல்லும் கேள்வி. எதற்கு அஞ்சுகிறாய், எதை விட்டுக்கொடுப்பாய், எது உனக்கு முக்கியம் என்று அதையே விரிக்கிறது. நீ யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அதில் இல்லை. நூலின் முடிவில் ஆசிரியர் தந்தையின் அஸ்தியைக் கங்கையில் கரைத்து, சடங்கின்படி அந்நீரை மூன்று மடக்கு பருகுகிறார். முன்கூட்டியே மருந்து உட்கொண்டும் ஒட்டுண்ணித் தொற்றுக்கு ஆளானதை நேர்மையாகப் பதிவு செய்கிறார். தந்தையைத் தம்மினும் பெரிய ஒன்றோடு இணைப்பதாக அச்சடங்கை உணர்கிறார். அந்தப் 'பெரிய ஒன்று' எது என்று கேட்காமல் கரையேறிவிடுகிறார். மரணத்தைப் பற்றிய நூலுக்கு இது சிறு விடுபாடு அன்று.

நம் மரபில் மரண நோய் என்பது மருத்துவப் பெயர் மட்டுமன்று, சட்டப் பெயருமாகும். 'மரளுல் மவ்த்'தில் இருப்பவர் தம் சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தமக்கு வந்திருப்பது எத்தகைய நோய் என்பது தெரியாதவர் எதைத் தீர்ப்பார், எதை எழுதிவைப்பார்? இறுதி ஹஜ்ஜின்போது நோயுற்ற ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் வஸிய்யத் பற்றிக் கேட்டபோது, இந்த நேரத்தில் இப்பேச்சு எதற்கு என்று நபி (ஸல்) அவர்கள் வாயடைக்கவில்லை. மூன்றில் ஒன்று, அதுவும் அதிகமே என்று விடை தந்தார்கள். வஸிய்யத் பேசிய ஸஅத் (ரலி) அவர்கள் பிழைத்தெழுந்து காதிஸிய்யாவில் படை நடத்தினார்கள். ஹிஜ்ரி 23இல் உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டபோது, பருகிய பால் காயத்தின் வழியே வெளிவரக் கண்ட மருத்துவர், வஸிய்யத் செய்துகொள்ளுங்கள் என்றார். கூடியிருந்தோர் அழுதார்கள். உமர் (ரலி) அவர்களோ அம்மருத்துவர் மெய் சொன்னார் என்று பாராட்டி, வேறு விதமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்றார்கள். மகனை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள்; அது 86,000 அளவில் இருந்தது. ஆயிஷா (ரலி) அவர்களிடம் அடக்கத்திற்கு இடம் கேட்டு ஆளனுப்பினார்கள். இத்தனையும் நடந்தது ஒரு மருத்துவர் பொய் சொல்லாததால்.

நாம் சொன்னோம். நமக்கு 'மின்ஹாஜ்' ஓதிக்கொடுத்த ஹஸ்ரத் அவர்களுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பிள்ளைகள் குடல்புண் என்றார்கள். தந்தை மனமுடைந்து போவார் என்ற பாசத்தைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. நம்மிடம் இருமுறை கேட்டார்கள். இருமுறையும் குடல்புண்தான் ஹஸ்ரத் என்றோம். இரண்டாம் முறை அவர்கள் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். கடைசிப் பதினொரு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு. கலிமாவை நினைவூட்டவும் நமக்கு அனுமதி கிடைத்தது கண்ணாடிக்கு வெளியே நின்றுதான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வெளியூரிலிருந்து ஒரு விதவைத் தாய் வந்தார். மகளின் திருமணத்துக்கென்று ஹஸ்ரத்திடம் பணம் அமானிதமாகக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். சாட்சி இல்லை, சீட்டு இல்லை. நம்மிடமே மஸ்அலா கேட்டார்கள். மரித்தவர் மீதான வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்ற சட்டத்தை நாம் சொல்லவும் செய்தோம். பிள்ளைகள் நல்லவர்கள், கேட்ட தொகையைக் கொடுத்தனுப்பினார்கள். பிறகு கிதாபுகளை ஒழுங்குபடுத்தும்போது 'மின்ஹாஜ்' விரிவுரை ஒன்றின் உள்ளட்டையில் ஹஸ்ரத்தின் கையெழுத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது. 'அமானத்' என்ற சொல், இரண்டு அரபு எழுத்துகள், ஒரு தொகை. அத்தாயின் பெயரோடு எழுத்துகள் பொருந்தவில்லை, அவர் சொன்ன தொகையோடும் பொருந்தவில்லை. பிள்ளைகள் அத்தொகையையும் ஓர் உறையிலிட்டு நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதுவரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை.