பார்த்தலும் அருகில் செல்லுதலும்

திரைப்படங்களை வகை பிரித்துப் பேசுவது நம் வழக்கம். பக்திப் படம், குடும்பப் படம், நகைச்சுவைப் படம், மர்மப் படம், சமூகப் படம் என்று பெயர் சூட்டிவிட்டால், அதைப் பார்க்கலாமா, கூடாதா என்னும் தீர்ப்பும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிவிட்டதாக எண்ணுகிறோம். "சாமி, இது பக்திப் படந்தானே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று பங்கு மக்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆயினும், திரைப்படங்களை விரும்பிப் பார்த்துவரும் ஒரு சுவைஞர் என்ற முறையில், அக்கேள்வி இன்னும் சற்று ஆழமாகக் கேட்கப்பட வேண்டும் என்று நாம் கருதுகிறோம். வகையைக் கொண்டு படத்தை எடைபோட இயலாது. அது ஏன் என்பதை, நம் மனத்தில் நிலைத்துவிட்ட சில தமிழ்ப் படங்களைக் கொண்டே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

திரைப்படத்திற்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவர், 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைக் காட்டியது. ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்து அவர் அவற்றை மக்களுக்குக் காட்டினார். ஆக, தமிழ் மக்கள் தொடக்க காலத்தில் திரையில் கண்ட கதைகளுள் நம் ஆண்டவரின் கதையும் ஒன்று.

திருச்சபையும் இக்கலையை ஒதுக்கிவிடவில்லை. 1936இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றியே தனிச் சுற்றுமடல் ஒன்று எழுதினார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டது. திரைப்படக் கலை பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல், வத்திக்கான் 45 படங்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிட்டது. சமயம், மனித மதிப்பீடுகள், கலை என்னும் மூன்று பிரிவுகள்; பிரிவுக்குப் பதினைந்து படங்கள். களவுபோன மிதிவண்டியைத் தேடி மகனோடு உரோமை நகரத் தெருக்களில் அலையும் ஏழைத் தொழிலாளியின் கதை அதில் இடம்பெற்றது. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' இடம்பெற்றது. குழந்தைகள் மகிழும் மாயக்கதை ஒன்றுகூட இடம்பெற்றது. 45இல் 30 படங்கள் சமயப் பிரிவைச் சாராதவை என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்?

அப்படியானால் அளவுகோல் எது? நல்ல சமாரியர் உவமையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். எரிகோ செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் பார்த்தார், லேவியரும் பார்த்தார், சமாரியரும் பார்த்தார். மூவர் கண்ணிலும் பட்ட காட்சி ஒன்றே. இருவர் விலகிப் போயினர். ஒருவர் அருகில் சென்றார். திரையின் முன் அமரும் நாமும் பார்ப்பவர்களே. ஒரு படம் தான் காட்டும் மனிதருக்கு அருகில் நம்மை அழைத்துச் செல்கிறதா, அல்லது பார்த்துவிட்டு மறுபக்கமாய் விலகிப் போக வழி செய்து தருகிறதா? விலகிச் சென்ற இருவரும் கோவில் பணியாளர்கள் என்பதையும் மறவாதிருப்போம்.

முதலில் நகைச்சுவையைக் காண்போம். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வெளிவந்தது. படம் எடுக்கப் போவதாகச் சொல்லித் திரியும் செல்லப்பாவாக நாகேசும், அவருடைய தந்தை விஸ்வநாதனாக டி.எஸ். பாலையாவும் நடித்தனர். மகன் தன் பேய்க்கதையை ஒலிகளோடும் அங்க அசைவுகளோடும் விவரிக்க, தந்தை அமர்ந்த இடத்திலேயே நடுங்கிப்போகும் காட்சியைத் தமிழர் பல தலைமுறைகளாகப் பார்த்துச் சிரித்து வருகின்றனர். அச்சிரிப்பில் எவரும் சிறுமைப்படுவதில்லை. பணத்தைப் பெரிதாக எண்ணும் தந்தையும், கனவில் மிதக்கும் மகனும் நம் வீட்டு மனிதர்களாகவே தோன்றுகின்றனர். பின்னாளில் வந்த நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றில் ஒருவருடைய கறுப்பு நிறமோ, பருத்த உடலோ, திக்குவாயோ சிரிப்புக்குரிய பொருளாக்கப்பட்டது. சிரித்து முடித்தபின் ஒரு மனிதர் நம் மதிப்பில் ஒரு படி இறங்கியிருப்பார். குடும்பத்தோடு பார்க்கத்தக்கவை என்று அவை சான்று பெற்றிருக்கலாம். நாம் அவற்றைத் தீங்கற்றவை என்று சொல்லத் துணியோம்.

மர்மப் படங்களைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தைப் பார்த்தல் நன்று. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாடலும் இல்லை, நடனமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் சென்னையில் ஜப்பானியரின் குண்டு விழுந்த மறுநாள், ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அவரைச் சூழ்ந்திருந்தோர் ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்கின்றனர். திறமைக்கு மதிப்புக் கிடைக்காத கசப்பே அவரை நாட்டைக் காட்டிக்கொடுக்கும் நிலைக்குத் தள்ளியது என்பது சிறிது சிறிதாக விளங்குகிறது. குற்றத்தைப் படம் ஓரிடத்திலும் நியாயப்படுத்தவில்லை; எனினும் குற்றவாளியின் உள்ளத்தருகே நம்மை உட்கார வைக்கிறது. ஒப்புரவுத் தொட்டியில் அமரும் குருவானவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் அது. இறைவனின் பெயர் அதிகம் ஒலிக்காத ஒரு படம் அதைக் கற்றுத் தருகிறது!

இனி, நம் ஊர்ப்பக்கம் வருவோம். வேளாங்கண்ணிக்கு வடக்கே நாகப்பட்டினத்தைக் கடந்தால் சிக்கல். அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய நாதசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கதையை, கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகடனில்' தொடராக எழுதினார். அதை ஏ.பி. நாகராஜன் 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' என்னும் படமாக்கினார். சிவாஜி கணேசனின் உதடும் விரலும் இசைக்கு ஒத்தசைந்த அழகையும், அந்நாதசுரத்தை உண்மையில் வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் திறத்தையும் பலர் புகழ்ந்துவிட்டனர். நாம் சுட்ட விரும்புவது வைத்தியை. மோகனாவைச் செல்வந்தரிடம் சேர்ப்பிக்கத் தரகு பேசித் திரியும் அம்மனிதரை நாகேஷ் நகைச்சுவை ததும்ப நடித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே இருக்கிறோம்; திடீரென்று ஒரு பெண்ணை விலை பேசுவதற்கன்றோ இவ்வளவு நேரம் சிரித்தோம் என்று உறைக்கிறது. தஞ்சைத் தரணியின் கலைப் பெருமைக்கும் கலைமகளிரின் துயருக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்பதை அந்த இசைப் படம் சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

காதற் படங்களுள் நம் மக்களின் மனத்தைப் புண்படுத்திய ஒன்றையும் விலக்காமல் பேசுவோம். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல் வந்தது. கடலோர ஊரில் பிராமண இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்கின்றனர். முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் அகற்றிவிட்டு இணைகின்றனர். சிலுவை கழற்றப்படும் அக்காட்சி நமக்கும் வலித்தது. ஆனால் வலியின் காரணத்தை நேர்மையோடு ஆராய்ந்தால், படம் தாக்குவது சிலுவையில் தொங்கியவரை அன்று என்பது புலனாகும். அவருடைய அடையாளத்தை வேலியாக நட்டு, அதற்குள் குடும்ப மானத்தைக் காத்துக்கொள்ளும் நம்மையே அது தாக்குகிறது. அதே வேளையில், சமயத்தைக் கழற்றி எறிந்தால் சிக்கல் தீர்ந்தது என்னும் முடிவு மிக எளிதானது. மறுநாள் காலையில் அவ்விருவரும் எங்கே உண்பார்கள், யார் அவர்களுக்கு வீடு தருவார்கள் என்று படம் கேட்கவில்லை. பாதித் தொலைவு அருகில் சென்று நின்றுவிட்ட படம் இது என்பது நம் மதிப்பீடு.

இப்போது பக்திப் படம். நடன ஆசிரியர் கே. தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி' 1971இல் வெளிவந்தது. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா முதலியோர் நடித்தனர்; ஜி. தேவராஜன் இசையமைத்தார். நம் திருத்தலத்தின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றதில் அப்படத்திற்கும் அதன் பாடல்களுக்கும் பங்குண்டு. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் பெருவிழாவுக்கு நடந்தே வருவோரின் நாவில் அப்பாடல்களை இன்றும் கேட்கலாம். அந்த எளிய பக்தியை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நம் திருத்தல மரபு கூறும் முதல் இரு நிகழ்வுகளில் அன்னை யாருக்குக் காட்சி கொடுத்தார்? ஒருவன், முதலாளி வீட்டுக்குப் பால் சுமந்து சென்ற சிறுவன். மற்றவன், மரநிழலில் மோர் விற்ற ஏழைக் கைம்பெண்ணின் முடவனான மகன். இருவரும் உழைக்கும் குழந்தைகள். பால் குறைந்தால் முதலாளி என்ன செய்வாரோ என்ற அச்சம் அக்கதைக்குள் இருக்கிறது. திரையில் புதுமை நிகழும்போது ஒளி பெருகுகிறது, இசை உயர்கிறது, நம் கண்கள் நனைகின்றன. அந்த ஒளியில் சிறுவனின் அச்சமும் பசியும் மறைந்துபோகின்றன. அன்னை அருகில் சென்றார். நாமோ அன்னையைப் பார்த்த மகிழ்ச்சியில் சிறுவனை விட்டு விலகி வந்துவிடுகிறோம். பக்திப் படத்தின் இடர் இதுதான். கண்ணீரே கடமையை முடித்துவிட்டதாக நம்மை நம்ப வைக்கிறது.

இவ்விடர் வெறும் கலைச் சிக்கல் அன்று. அப்படம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவில், இதே நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கிறிஸ்து பிறந்த இரவாக நாம் கொண்டாடும் நாள் அது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். அந்நிகழ்வை ஒட்டி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வெளிவந்து, அறிமுக இயக்குநருக்குரிய தேசிய விருதைப் பெற்றது. நிலக்கிழாரின் தனிப்பட்ட மனக்கோளாற்றை முன்னிறுத்திக் கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது என்று நாவலின்மீது எழுந்த குறை நியாயமானதே. அக்குறையைத் தாண்டிய துணிவு பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' என்னும் 2005ஆம் ஆண்டு ஆவணப் படத்தில் இருக்கிறது. அதில் நடிகர் இல்லை. உயிர் பிழைத்தவர்களும் உற்றாரை இழந்தவர்களும் தம் வாயாலேயே பேசுகின்றனர். பார்ப்பவருக்கு விலகிச் செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது.

இப்படங்களைப் புரட்சிப் படங்கள் என்று பெயரிட்டு, அவை நமக்குரியவை அல்ல என ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. பால் சுமந்த சிறுவனுக்கும் அக்குடிசையில் எரிந்த குழந்தைக்கும் இடையே என்ன வேறுபாடு என்று அவர்களைக் கேட்க விரும்புகிறோம். ஒருவன் நம் பீடத்துக் கதைக்குள் இருக்கிறான்; மற்றது இல்லை. அவ்வளவே.

எனவே, அன்புக்குரிய பெற்றோரே, அன்பியங்களில் கூடுவோரே, இன்று கைப்பேசியில் எல்லா வகைப் படங்களும் பிள்ளைகளின் விரல் நுனிக்கு வந்துவிட்டன. பெயர்ப் பட்டியல் கொடுத்து இதைப் பார், அதைப் பாராதே என்று காவல் செய்வது இனி நடவாத காரியம். அவர்களோடு அமர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் அது பக்திப் படமா, மர்மப் படமா என்று பேசுவதை விடுத்து, அதில் வழியோரம் கிடந்தவர் யார், படம் அவரை என்ன செய்தது, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று பேசுங்கள். வருகின்ற கிறிஸ்து பிறப்பு விழாவின் மாலையில், நம் பங்கு மன்றங்களில் வழக்கமான இயேசுவின் வாழ்க்கைப் படத்தோடு 'ராமையாவின் குடிசை'யையும் திரையிடலாம். நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லுமுன் அந்த 44 பேருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம். மாட்டுக் கொட்டிலில் பிறந்தவருக்கு அது அயலான வணக்கமாக இராது.