மருத்துவர் முன் அறத்தொடு நிற்றல்

அகப்பொருள் பயிற்றும் ஆசிரியர் எவரும் அறத்தொடு நிற்றல் என்னும் துறையை விளக்காமல் விடுவதில்லை. தலைவி தன் நெஞ்சில் மறைத்து வைத்ததைத் தோழிக்கு உரைக்கிறாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உரைக்கின்றனர். மறைந்திருந்த உண்மை படிப்படியாக வெளிப்படுதலே இத்துறையின் பொருளாகும். சொல்லப்படும் உண்மை ஒன்றே. ஆயினும் கேட்பவர் மாறுந்தோறும் சொல்லும் முறையும் மாறுகிறது. செய்யுளின் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர், கூற்று என்பதை அடுத்துக் கேட்போர் என்பதையும் தனி உறுப்பாக வைத்தார். அதன் நுட்பம் இங்கே விளங்கும்.

இந்த அளவுகோலைக் கொண்டு இக்காலத் தன்வரலாற்று வகை ஒன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆணுடலோடு பிறந்து தம்மைப் பெண் என உணர்வோரும், பெண்ணுடலோடு பிறந்து தம்மை ஆண் என உணர்வோரும் நம்மிடையே வாழ்கின்றனர். முன்னவரைத் திருநங்கையர் என்றும் பின்னவரைத் திருநம்பியர் என்றும் இன்று மதிப்போடு வழங்குகிறோம். அவர்கள் எழுதிய நூல்களிலும், அவர்களைப் பற்றி எழுந்த நூல்களிலும் உயிர்நாடியான கட்டம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவர் முன் அமர்ந்து, இதுகாறும் எவரிடமும் முழுமையாகச் சொல்லாததைச் சொல்லும் கட்டம். இல்லத்தார் மறுத்தால் இல்லத்தை விட்டு நீங்கலாம். ஊரார் பழித்தால் வேறு ஊர் செல்லலாம். மருந்தும் அறுவையும் சான்றிதழும் மருத்துவர் கையில் இருக்கின்றன. ஆதலால் அவர் நம்ப மறுத்தால் செல்வதற்கு வேறு வழி இல்லை.

இத்தகைய நூல்களைப் படிப்போர் சிலர், "எல்லாம் ஒரே கதையாக இருக்கின்றனவே" என்று குறை கூறுவர். எல்லாரும் குழந்தைப் பருவத்திலேயே உணர்ந்ததாகச் சொல்கின்றனர். எல்லாரும் தவறான உடலில் பிறந்ததாகச் சொல்கின்றனர். இவ்வொற்றுமை எழுதுவோரின் கற்பனை வறட்சியால் வந்ததா, வேறு காரணம் உண்டா என்பதே நாம் விடை காண வேண்டிய வினா.

வேலனும் மருத்துவரும்

முதலில் ஆங்கில எழுத்தாளர் ஜான் மாரிஸ் அம்மையார் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றைக் காண்போம். அதன் தலைப்புக்குப் புதிர் என்பது பொருள். ஜேம்ஸ் என்னும் பெயரோடு வளர்ந்து, படையில் பணியாற்றி, 1953-ஆம் ஆண்டில் எவரெஸ்டுச் சிகரம் ஏறிய குழுவோடு செய்தியாளராகச் சென்றவர் அவர். மூன்று அல்லது நான்கு வயதில், தாயார் பியானோ வாசிக்க அதன் அடியில் அமர்ந்திருந்தபோதே தாம் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியவர் என உணர்ந்ததாகக் கூறி நூலைத் தொடங்குகிறார்.

அவர் இலண்டன் மருத்துவர்களை நாடிய பகுதி நமக்கு வெறியாட்டை நினைவூட்டுகிறது. மகளின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் அந்நோயை முருகனால் வந்தது எனத் துணிந்து வெறியாடுகிறான். நோய் ஒன்று, செய்யும் பரிகாரம் வேறு. மாரிசுக்கும் இதுவே நிகழ்ந்தது. பெண்ணுடை அணிவதில் உள்ள விருப்பம்தானோ இது என்று வினவினர் சிலர். ஆடவரை நாடும் வேட்கையை அடக்கி வைத்ததன் விளைவோ என்று ஐயுற்றனர் சிலர். அவர்கள் தாம் அறிந்த நோய்களின் பட்டியலில் அவரைப் பொருத்த முயன்றார்களேயன்றி அவர் சொல்லைக் கேட்கவில்லை.

அவர் சொல்லைக் கேட்டவர் நியூயார்க்கில் இருந்த மருத்துவர் ஹாரி பெஞ்சமின். உள்ளத்தின் உறுதியை உடலுக்கு ஏற்ப மாற்ற இயலாதாயின், உடலை உள்ளத்துக்கு ஏற்ப மாற்றுவதே தக்கது என்பது அவர் கொள்கை. இதனை விளக்கும் அவருடைய நூல் 1966-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹார்மோன் என்னும் இயக்குநீரை மாத்திரைகளாகப் பல ஆண்டுகள் உட்கொண்டு, பின்னரே மாரிஸ் அறுவைக்குச் சென்றார். தாம் விழுங்கிய மாத்திரைகள் 12,000-க்குக் குறையா என்று அவரே கணக்கிடுகிறார். மாற்றம் என்பது ஒருநாள் கத்தியால் நிகழ்வதன்று என்பதை இவ்வெண்ணிக்கை தெளிவாக்கும். பெண்மை இயக்குநீர் தோலை மென்மையாக்கும். சில திங்களில் மார்பு வளரத் தொடங்கும். முதிர்ந்த குரலை மட்டும் அது மாற்றாது. ஆண்மை இயக்குநீரோ குரலைத் தாழ்த்தும், முகத்தில் மயிரை வளர்க்கும், பூப்பை நிறுத்தும். இவை முழுமை பெறச் சில ஆண்டுகள் செல்லும்.

இலண்டனில் அறுவை செய்ய முன்வந்தோர், மனைவியை முதலில் மணவிலக்குச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். உண்மை முழுதும் அறிந்து உடன் நின்ற துணைவியைப் பிறர் கட்டளையால் பிரிய மாரிஸ் உடன்படவில்லை. 1972-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டின் காசபிளாங்கா நகருக்குச் சென்று அறுவை செய்துகொண்டார். கதவு திறந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை இப்பகுதி ஆரவாரமின்றிக் காட்டுகிறது. நூலின் சிறந்த பகுதி இதுவே. அதற்குப் பின் பெண்மையைப் பற்றி அவர் எழுதுவன சற்றுப் பழமையானவை. காரைப் பின்னோக்கி ஓட்டத் தெரியாதவர் எனப் பிறர் கருதக் கருதத் தாமும் அவ்வாறே ஆனதாக அவர் எழுதியதைப் பெண்கள் பலர் ஏற்கமாட்டார்கள்.

ஒரே கதை ஏன்?

இனி முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1991-ஆம் ஆண்டில் சாண்டி ஸ்டோன் என்னும் அமெரிக்க அறிஞர், தாமும் இவ்வழி நடந்தவர், ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டும் செய்தி வியப்புக்குரியது. பெஞ்சமின் நூல் வெளிவந்தபின் மருத்துவ நிலையங்களை நாடி வந்தோர் அனைவரும் அந்நூல் வகுத்த இலக்கணத்துக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தினர். மருத்துவர்கள் தம் இலக்கணம் மெய்ப்பட்டது என மகிழ்ந்தனர். வந்தவர்களும் அதே நூலைப் படித்திருந்தனர் என்பதும், அது அவர்களிடையே கைமாறிக் கைமாறிச் சென்றது என்பதும் அவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தே தெரியவந்தன. எதைச் சொன்னால் கதவு திறக்கும் என்று அறிந்தவர்கள் அதையே சொன்னார்கள்.

இதனால் அவர்கள் பொய் கூறினர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். உணர்வு மெய், அதற்கு அணிவித்த ஆடையே மருத்துவர் தைத்துக் கொடுத்தது. ஐந்து வயதில் அறிந்தவரும் முப்பது வயதில் அறிந்தவரும் மருத்துவர் முன் ஐந்து வயதுக் கதையையே சொல்ல நேர்ந்தது. கேட்போர் ஒரே விடையை வேண்டி நின்றதால் கூற்றும் ஒன்றாயிற்று. ஆகவே இந்நூல்களின் ஒற்றுமையைக் காணும் திறனாய்வாளர் எழுதியவரைக் குறை கூறுமுன் கேட்டவரை நோக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நிகழ்ந்தது

இத்துறையில் சிங்கப்பூருக்குச் சிறப்பான இடம் உண்டு. அதனைப் பெற்றுத் தந்தவர் இலங்கையில் பிறந்த தமிழர் ஒருவர். பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் 1971-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இந்நாட்டின் முதல் பால்மாற்று அறுவையைச் செய்தார். தம்மிடம் ஒருவர் வந்து வேண்டியபோது அவர் இத்துறையில் பயிற்சி பெற்றிருக்கவில்லை. எனினும் எனக்குத் தெரியாது என்று கதவை அடைக்காமல், நூல்களைக் கற்றார். பிணவறையில் உயிரற்ற உடல்கள் இரண்டில் அறுவையைப் பயின்றார். மனநல மருத்துவரின் கருத்தையும் சுகாதார அமைச்சின் இசைவையும் பெற்ற பின்னரே கத்தியை எடுத்தார். கேட்டவர் தாமும் கற்கத் துணிந்தார் என்பதே இவ்வரலாற்றின் பெருமை.

அவர் விக்டர் கோ, சோய் விங் ஃபூ என்னும் இருவருடன் சேர்ந்து 1991-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உள்ளிருந்து எழும் அழுகுரல்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். மருத்துவ அறிவை முதன்மையாக்காமல் நோவுற்றவர் குரலையே தலைப்பாக்கியது பாராட்டுக்குரியது. ஆயினும் எழுதுகோல் மருத்துவர் கையில் இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. அழுகுரல் உண்டு என்று சொல்பவர் கேட்டவரே, அழுதவர் அல்லர். அறத்தொடு நிற்றலைச் செவிலியின் கூற்றாக மட்டும் கேட்பது போன்றது இது. உண்மை நம்மை வந்தடைகிறது; தலைவியின் சொல் வந்தடைவதில்லை. எனினும் இத்தகைய மருத்துவர்களின் சொல்லுக்கு நாட்டில் மதிப்பு இருந்தது. அறுவை செய்துகொண்டோர் தம் புதிய பாலுக்கு ஏற்ப மணம் புரிய வழிசெய்து, 1996-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மாதர் சாசனம் திருத்தப்பட்டது.

கேட்போர் இல்லாத கூற்று

தலைவியின் சொல்லையே தமிழில் கேட்க விரும்புவோர் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்னும் நூலைப் படித்தல் வேண்டும். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தன்வரலாற்றின் ஆசிரியர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்றவர். பட்டம் பெற்றவர் புனே நகரின் தொடர்வண்டிகளில் கையேந்த நேர்ந்த கதையை, இரக்கம் வேண்டாத எளிய நடையில் சொல்கிறார். அறுவையைத் திருநங்கையர் நிருவாணம் என்று வழங்குவர். அதற்காக ஆந்திர நாட்டுக் கடப்பைக்குச் சென்று வலியைத் தாங்கிக் கிடந்த பகுதியை நடுக்கமின்றிப் படித்தல் அரிது.

மாரிசின் நூலோடு இதனை ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். இங்கே மருத்துவரிடம் மனந்திறந்து சொல்லும் காட்சி இல்லை. சொல்வதற்கு வித்யாவிடம் சொல் இல்லாமலில்லை. கேட்பதற்குத்தான் எவரும் இல்லை. மனநலம் வினவுவாரும், இயக்குநீரை அளந்து தருவாரும், பின்னர் நேர்வதை விளக்குவாரும் இல்லாத இடத்தில் அறுவை ஒன்றே நடக்கிறது. அவர் மனந்திறந்தது உடன்பிறந்தாரிடமும் மூத்த திருநங்கையரிடமுமே. மருத்துவரிடம் சொல்லக் கிடைக்காத கூற்றை அவர் நம்மிடம் சொல்கிறார். படிக்கும் நாமே கேட்போர் ஆகிறோம். எந்த மருத்துவரின் இலக்கணத்துக்கும் பொருந்த வேண்டிய தேவை இந்நூலுக்கு இல்லாததால், இதன் நடையில் பிறர் தைத்த ஆடை இல்லை. ஆனால் அந்த விடுதலையைத் தந்தது புறக்கணிப்பே என்பதை எண்ணும்போது நூலைப் புகழும் நா தயங்குகிறது.

அவாவும் அளவையும்

மருத்துவ உலகம் இன்று மாறி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அது இந்நிலையை மனநோய்களின் பகுதியிலிருந்து நீக்கிப் பாலியல் நலம் பற்றிய பகுதியில் சேர்த்தது. தம் பாலை உரைக்கும் உரிமை அவரவர்க்கே உரியது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிறர் சோதித்துத் தெளிவதைவிட உரியவர் உணர்ந்து உரைப்பதே முதன்மையானது என்பது இம்மாற்றத்தின் சாரம்.

இக்கருத்து தமிழ் இலக்கணத்துக்கு முற்றிலும் புதிதன்று. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் ஆண்பாலுக்குரிய ஈற்றைப் பெறாது என்பது தொல்காப்பியர் கருத்து. பவணந்தியார் நன்னூலில் மேலும் தெளிவாக, எதனை விட்டு எதனை அவாவுகின்றனர் என்பதைக் கொண்டே பாலை வகுக்கிறார். உடலுறுப்பைச் சொல்லாமல் அவாவைச் சொன்ன நுண்மையை வகுப்பில் விளக்க மறவாதீர். ஆனால் அதே நூற்பா இவ்விருவகைப் பெயரும் அஃறிணையை ஒத்து வருதற்கும் இடந்தருகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் குறைத்த இவ்விடத்தையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. பழஞ்சொற்கள் காலப்போக்கில் வசைச்சொற்களாகத் தேய்ந்ததையும் நாம் அறிவோம். அக்குறையை நீக்கவே திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் எழுந்தன. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இத்தகைய மதிப்புச் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது.

தமிழாசிரியர்களே! இச்சொற்கள் அரசிதழில் இருந்தால் போதாது. மலேசிய நாட்டிலும் சிங்கையிலும் வளரும் தமிழ் இளைஞர் ஒருவர் இவ்வுண்மையை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியும். அதனையே தாயிடம் சொல்ல முனையும்போது, தாம் அறிந்த தமிழ்ச் சொல் வகுப்பறையிலும் திரைப்படத்திலும் நகைப்புக்காகக் கேட்ட சொல்லாக மட்டும் இருந்தால் அவர் வாய் திறப்பாரா? மருத்துவர் எழுதித் தரும் மருந்தோடு வீடு திரும்புபவர், வீட்டு மொழியில் ஊமையாகிறார். நல்ல சொல்லை அவர் நாவில் வைப்பது இலக்கணம் கற்பிக்கும் நம் கடமையன்றோ?

அறத்தொடு நிற்றலைப் பயிற்றும்போது தோழியின் பண்பை மாணவர்க்கு எடுத்துரையுங்கள். தலைவியின் வேறுபாட்டைக் குறிப்பால் உணர்பவள் அவள். அவளிடமிருந்து சான்று கேளாதவள். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதும் தலைவியின் பெயர் கெடாத சொற்களையே தேர்பவள். மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் வேண்டிய இலக்கணம் அவளிடம் இருக்கிறது.