நந்தனார் நாடகமும் வேதியர் கொடுமையும்

திருத்தொண்டர் சரிதங்களுள் மேடையேறிப் பெரிதும் பரவியவற்றுள் ஒன்று திருநாளைப்போவார் சரிதம். அதற்கு வழிவகுத்தது, கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. கதாகாலட்சேபத்திற்கு உரியதாய் விளங்கிய அந்நூல் பின்னர் நாடகமாயிற்று. 1935, 1942-ஆம் ஆண்டுகளில் அச்சரிதம் திரைப்படமாகவும் வெளிவந்தது. நாடகங் காண்பார் நெஞ்சில் ஆழப் பதிவது பண்ணை வேதியரின் கொடுமையே. தில்லைக்குச் செல்ல விடைவேண்டி நிற்கும் ஏழைத் தொண்டரை அவர் வைகின்றார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தபின் செல்க என்று, மனிதரால் இயலாத கட்டளையும் இடுகின்றார்.

இவ்வேதியர் சேக்கிழார் பெருமான் திருவாக்கில் இல்லை. ஆங்கு ஆதனூர்த் தொண்டர், பேரிகை முதலியவற்றிற்குத் தோலும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவி வாழ்பவர். நாளைப் போவேன் என அவர் நாள் கழித்தது ஒருவர் தடுத்தமையால் அன்று. தம் பிறப்பு அதற்கு இசையாது என்னும் எண்ணத்தால் ஆகும்.

மூலத்தின் வேறுபட்டது என்னும் அளவானே கீர்த்தனையைக் குறைகூறுதல் பொருந்தாது. நாடகத்திற்கு எதிர்நிற்பார் ஒருவர் வேண்டும். அன்றியும், வேதியரிடத்தே ஆணவமலத்தின் மறைப்பையும், ஈற்றில் அவர் நந்தனாரைப் பணிதலில் திருவருளின் வெற்றியையும் காண்டல் சித்தாந்தத்திற்கு இயைந்ததேயாம்.

ஆயினும் ஒன்று ஆராயத்தக்கது. சேக்கிழார் காட்டிய துன்பத்திற்குக் கொடியவர் இவர் எனச் சுட்டுதற்கு ஒருவரும் இலர். ஊரெல்லாம் இயல்பென ஏற்ற வழக்கே ஆங்கு வருத்துவது. தில்லை எல்லையில் இரவும் பகலும் வலம்வரும் அடியாரைக் கைந்நீட்டித் தடுப்பார் இல்லை; தடை அவர்தம் நெஞ்சினுள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றது. இதனினும் பெரிய கொடுமை யாது? நாடகமோ இவ்வளவையும் ஒருவர் தலையில் ஏற்றிவிடுகின்றது. அவர் மனந்திரும்பிய அளவில் காண்போர் நெஞ்சும் ஆறிவிடுகின்றது. எஞ்சிநிற்கும் மதிலையும் தீயையும் பற்றி வினாவுவார் இல்லை. அவ்வேதியர் யாம் அல்லேம் என்னும் அமைதியோடு அனைவரும் வீடு திரும்புவர். தீண்டாதார் எனப்பட்டோர்க்குச் சென்னை மாகாணத்துத் திருக்கோயில்களைப் பொதுவாகத் திறந்துவிடும் சட்டம் 1947-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை உன்னின், அவ்வினா சிறிதன்று என்பது புலனாம்.

வசைமொழியை மிக நீட்டினால் அவலம் நகையாய் முடியும். ஆதலின், நந்தனார் சரிதத்தை நடிப்போர் வேதியர் வசையைச் சுருக்கி, மதிற்புறத்துத் தொண்டர் தனித்து நிற்கும் நிலையை விரித்துக் காட்டுக. மெலியார் துன்பத்தை மேடையில் காட்டுதலின் பயன், கண்டோர் பிறரை இகழ்தல் அன்று; தம்மை ஆராய்தலேயாம்.