'ஆயிரம் விண்மீன் கதை': இரவல் நெஞ்சமும் உரிய காதலும்

தோற்றுவாய்

ஆடவர் இருவர்க்கிடையே எழும் காதலைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் தாய்லாந்து நாட்டில் இன்று தனியொரு வகையாக வளர்ந்து நிற்கின்றன. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த 'லவ் சிக்' இவ்வகைக்கு வழிகோலியது; 2016 ஆம் ஆண்டின் 'சோட்டஸ்' அதனைப் பலரும் அறியச் செய்தது. முன்னதன் களம் பள்ளி. பின்னதன் களம் பொறியியற் கல்லூரி. பின்வந்தவற்றுட் பலவும் கல்வி நிலையங்களின் சுற்றுச்சுவரைக் கடந்தில. அவ்வெல்லையைத் தாண்டி, வடபுல மலைச் சிற்றூர் ஒன்றைக் களமாகக் கொண்டு எழுந்தது 'நிதான் பன் தாவ்' என்னும் நாடகம். நொப்பனாச் சைவிமோல் இயக்கிய இது, 2021 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29 ஆம் நாள் தொடங்கி ஏப்ரல் 2 ஆம் நாள் வரை, வாரம் ஒன்றாகப் பத்துப் பகுதிகளாய் ஒளிபரப்பப் பெற்றது. புதினம் ஒன்றைத் தழுவியது.

பெயரின் பொருள் 'ஆயிரம் விண்மீன் கதை' என்பதாகும். தாய் மொழியில் கதையைக் குறிக்கும் 'நிதான்' என்னும் சொல், 'நிதானம்' என்னும் பாலிச் சொல்லின் வழிவந்தது. அதன் முதற்பொருள் மூலகாரணம் என்பது. நோயின் காரணத்தை நம் மருத்துவ நூலாரும் நிதானம் என்றே வழங்குவர். இச்சொல்லாராய்ச்சியை ஈண்டு எடுத்துரைத்தற்குக் காரணம் உண்டு. காதலுக்குக் காரணம் யாது என்னும் வினாவே இந்நாடகத்தின் உயிர். அவ்வினாவிற்கு அது விடை கூறும் முறையிலேயே அதன் நிறையும் குறையும் அடங்கியுள்ளன என்பது எம் கருத்து.

கதைப்போக்கு

தியன் என்பான் செல்வக் குடியிற் பிறந்த இளைஞன்; இதய நோயாளன்; நாளை உண்டோ இல்லையோ என்னும் எண்ணத்தால் பொறுப்பின்றித் திரிபவன். விபத்தில் இறந்த தோஃபன் என்னும் நங்கையின் இதயம் அவனுக்குப் பொருத்தப்படுகின்றது. அவள் மலையூர்ப் பள்ளியில் தொண்டாசிரியையாய்ப் பணியாற்றியவள். அவளுடைய நாட்குறிப்பைப் படித்த தியன், அவள் விட்ட பணியைத் தான் தொடர விரும்பி, 'ஆயிரம் விண்மீன் பாறை' எனப் பெயரிய ஊர்க்குச் செல்கின்றான். தன் நெஞ்சம் யாருடையது என்பதை அங்கு எவர்க்கும் அவன் உரைக்கவில்லை. அவ்வூரில் வனக்காவலர் தலைவனாய் இருப்பவன் பூப்பா. தோஃபன் உள்ளத்தில் வைத்துப் போற்றியவன் அவனே. தியனும் அவன்பால் நெஞ்சிழக்கின்றான். பாறைமேல் அமர்ந்து ஆயிரம் விண்மீன்களை எண்ணி முடிப்பவர் வேண்டியது பெறுவர் என்பது அவ்வூர் வழக்கு.

நாடகத்தின் நிறை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த மரபிற் பயின்ற நமக்கு, இந்நாடகத்தின் மலையும் இரவும் வெற்றுத் திரையாகத் தோன்றா. 'பூப்பா' என்னும் பெயரே மலை எனப் பொருள்படுவது. 'தோஃபன்' என்பது கனவு நெய்பவள் எனப் பொருள்படுவது. பெயருக்கேற்பவே இருவரும் படைக்கப்பட்டுள்ளனர். பூப்பா அசையாதவன், சொற்சுருக்கமுடையவன். அவன் அன்பு மொழியாகாது செயலாகவே வெளிப்படுகின்றது. அவனாக நடித்த பிரபாத் வத்தனசெத்சிரி, பேச வேண்டிய இடத்தில் பேசாதிருத்தலையே நடிப்பாக்கிக் கொண்டார். தியனாக நடித்த சகபாப் வொங்ராச் செருக்கும் நாணும் மாறிமாறித் தோன்றும் முகத்தினர். இவ்விருவேறு இயல்புகளின் மோதலே முற்பகுதிக்குச் சுவையூட்டுகின்றது.

இதனினும் சிறந்தது காதல் வளரும் முறை. கண்டதும் எழுந்த காதல் என்று ஆசிரியர் கதையை முடித்துவிடவில்லை. நகரத்து இளைஞன் குடிசையில் வாழக் கற்கின்றான். பிள்ளைகட்கு எண் கற்பிக்கின்றான். அவ்வெண்ணறிவு பள்ளியோடு நில்லாது, தேயிலையை எடையிட்டு வாங்குவோர் ஊராரை ஏய்ப்பதைக் காணும் கண்ணாகவும் ஆகின்றது. கடன் தீர்க்க வந்தவன் மெல்ல மெல்ல அவ்வூர்க்கு உரியவனாகின்றான். உழைப்பின் நடுவே ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குகின்றனர். அம்மதிப்பு நட்பாகி, நட்புக் காதலாகின்றது. ஒவ்வொரு படியும் காண்பார் கண்முன்னே நிகழ்வதால் அக்காதல் நம்பத்தக்கதாகின்றது. இருவரும் ஆடவர் என்பதை வியப்பாகவோ இழிவாகவோ காட்டாது, இயல்பான மக்கட் பண்பாகவே காட்டியிருப்பது போற்றத்தக்கது.

நாடகத்தின் குறை

இத்துணைச் செவ்விய அடிப்படை இட்ட ஆசிரியர், தாம் இட்ட அடிப்படையைத் தாமே முழுதும் நம்பவில்லை என்பதே எம் தலையாய குறைகூறல். பூப்பாவைக் காணுந்தோறும் தியனின் இதயம் துடிக்கின்றது. துடிப்பது யாருடைய இதயம்? இறந்த நங்கையின் காதலா, வாழும் இளைஞனின் காதலா? இவ்வினாவை எழுப்பியது நயமே. ஆயின் அதனைத் திரும்பத் திரும்ப எழுப்பி, விடையை நீள ஒத்திவைத்தது நயமன்று. மாற்றிப் பொருத்திய இதயத்தின் நரம்புத் தொடர்பு அறுவையின்போது துண்டிக்கப்படுகின்றது. ஓர் உறுப்போடு காதலும் உடன்வரும் என்பதற்கு மருத்துவ நூல் உறுதியான சான்று தரவில்லை. கதையில் அதனைக் கற்பனையாக ஏற்கலாம் எனின், ஏற்போம். கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. எம் தடை மருத்துவம் பற்றியதன்று. அக்கற்பனையால் விளையும் பொருள் பற்றியது.

ஆடவன் ஒருவன் ஆடவனை விரும்பினான் எனச் சொல்ல வந்த கதை, அவ்விருப்பம் உண்மையில் ஒரு பெண்ணின் நெஞ்சினின்றும் வந்தது எனவும் கொள்ள இடந்தருமாயின், சொல்ல வந்ததைத் தானே மறுத்ததாகும். தன்பாற் காதல் தன் காலில் நிற்க இயலாதது போலவும், அதற்குப் பெண்பால் நெஞ்சொன்று ஊன்றுகோலாக வேண்டுவது போலவும் ஒரு கருத்து உள்ளே புகுந்துவிடுகின்றது. இஃது ஆசிரியர் கருதியதன்று என்றே நம்புகின்றோம். அதற்கு நாடகத்தினுள்ளேயே அகச்சான்று உண்டு. பூப்பா தோஃபனைக் காதலித்தவனல்லன். அவ்விதயம் அவள் மார்பில் துடித்த காலத்து அவனிடம் எழாத காதல், தியனைக் கண்டபின் எழுந்தது. ஆகவே காதலுக்குக் காரணம் இதயம் என்னும் உறுப்பன்று, அதனைத் தாங்கிய மனிதனே என்பது தெளிவு. விடை இவ்வாறு கையகத்தே இருக்கவும், ஐயத்தை நீட்டித்துச் சுவை தேடியது பிழை.

இரண்டாவது குறை இதன் வழிப்பட்டதே. தோஃபன் நமக்கு நாட்குறிப்பாகவும் நினைவாகவுமே அறிமுகமாகின்றாள். அவள் உடலின் உறுப்பைத் தியன் பெற்றான், பணியைப் பெற்றான், அவள் விரும்பியவனையும் பெற்றான். இத்துணையும் தந்தவளுக்கு நாடகம் தந்தது மிகச் சிறிது. இருவர் காதல் சிறக்கப் பெண்ணொருத்தி மறைய வேண்டும் என்னும் அமைப்பு எளிதிற் கடந்துசெல்லத் தக்கதன்று. இறந்தவளை இரங்கத்தக்கவளாக்கியதோடு நில்லாது, முழுமையுடைய மாந்தராகவும் படைத்திருப்பின், தியனின் நன்றிக்கடன் இன்னும் கனமுடையதாயிருக்கும்.

மூன்றாவது, ஊரார் நிலை. தேயிலை வாணிகத்தில் நிகழும் ஏய்ப்பைத் தீயோர் சிலரின் செயலாகச் சுருக்கி, நகரத்திலிருந்து வந்த இளைஞனாலும் படைக்கலம் தாங்கிய அரசுக் காவலனாலும் அது தீர்வதாகக் காட்டியுள்ளனர். உழுது பறிக்கும் மக்கள் தம் குறையைத் தாமே எடுத்துரைக்கும் காட்சிகள் அரியன. மலையின் எழிலைக் காட்டிய ஒளிப்பதிவு, மலைமக்களின் குரலைக் கேட்கவும் சிறிது நின்றிருக்கலாம்.

முடிபு

நிறையும் குறையும் ஒருங்கே நோக்கின், இந்நாடகத்தின் சிறந்த காட்சிகள் இதயமாற்றத்தை நாம் மறந்திருக்கும் காட்சிகளே என்பது புலனாகும். பள்ளியறையிலும் பாறைமீதும் இருவரும் தாமாக நிற்கும்போது நாடகம் உயர்கின்றது. இரவல் நெஞ்சத்தைச் சான்றுக்கு அழைக்கும்போது தாழ்கின்றது. தியன் பிரிந்து சென்று, ஈராண்டு கழித்துத் தானே விரும்பி மீண்டு வருவதாக இறுதிப்பகுதி அமைந்தது இதனாலேயே பொருத்தமுடையது. முதன்முறை அவன் வந்தது பிறள் கடனைத் தீர்க்க. இரண்டாம் முறை வந்தது தன் காதலை நாடி. இவ்வேறுபாட்டைப் பத்தாம் பகுதி விரைந்து சொல்லிச் செல்லாது, ஆற அமரக் காட்டியிருப்பின் முன்னைக் குறை பெரிதும் நீங்கியிருக்கும்.

2025 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23 ஆம் நாள் முதல் தாய்லாந்தில் ஒருபாலார் திருமணம் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுள்ளது. சட்டம் அத்தகையாரிடம் காதலுக்குக் காரணம் கேட்கவில்லை. நான்காண்டுகட்கு முன் எழுந்த இந்நாடகமோ காரணம் காட்ட வேண்டும் என்னும் அச்சத்தை முற்றும் விட்டதில்லை. காரணம் கேளாத காதலைத் தன் சிறந்த காட்சிகளில் காட்டியமையால் இது வாழும்; அவ்வச்சத்திற்கு இடங்கொடுத்தமையால், எட்டியிருக்க வேண்டிய உயரத்தை எட்டாது நின்றது. ஆயிரம் விண்மீன்களை எண்ண அமர்ந்தவர் சிலவற்றை இருமுறை எண்ணினார். எனினும் அவர் அண்ணாந்து நோக்கியது மெய்யான வானத்தையே என்பது எம் துணிபு.