கதைகூறுவோனின் மௌனம்: ‘த ரிமெயின்ஸ் ஒவ் த டே’ நாவலை முன்வைத்து

தன்மைக் கூற்றில் அமைந்த நாவல்களிலே, கதைகூறுவோன் தன்னைப்பற்றிக் கூறுவனவற்றை அவனது குணவியல்புக்கான சான்றாக அப்படியே ஏற்றுக்கொள்வது பொருந்தாது. உணர்ச்சியை வெளிக்காட்டாது விலகிநிற்கும் கதைகூறுவோனைப் பொறுத்தவரையில், அவன் கூறாது விடுவனவே முதன்மைச் சான்றுகளாகின்றன. 1989இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசினைப் பெற்ற கசுவோ இஷிகுரோவின் ‘த ரிமெயின்ஸ் ஒவ் த டே’ என்னும் ஆங்கில நாவலை இந்நோக்கிலே ஆராய்தல் பயனுடையது.

டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாளராயிருந்த ஸ்டீவன்ஸ், 1956இல் மேற்கொள்ளும் மோட்டார்ப் பயணத்தின்போது கடந்தகாலத்தை நினைவுகூருகிறார். கண்ணியம் என்பதே அவர் ஓயாது பேசும் விழுமியம். 1923இல் மாளிகையில் சர்வதேச மாநாடு நடைபெறுகையில், மாடியறையில் அவர் தந்தை உயிர்பிரியும் நிலையிற் கிடக்கிறார். மகனோ விருந்தினருக்கு மது பரிமாறிக்கொண்டிருக்கிறார். தாம் அழுததாக அவர் கூறவில்லை. அழுவதுபோலத் தோன்றுகிறதே எனப் பிரபு வினவியதை மட்டும் பதிவுசெய்கிறார். பிறர் வாய்மொழி வழியாகவே அவரது கண்ணீரை நாம் காண்கிறோம்.

இவ்வுத்தி தனிமனித சோகத்தோடு நின்றுவிடவில்லை. பிரபு, யூதர் என்ற காரணத்துக்காக இரு பணிப்பெண்களை வேலையினின்று நீக்குமாறு பணிக்கிறார். ஸ்டீவன்ஸ் அதனை மாளிகை நிருவாகத்தின் ஓர் அலுவலாகவே கருதி நிறைவேற்றுகிறார். பிறிதோரிடத்தில், சாதாரண மக்கள் நாட்டு விவகாரங்களைத் தீர்மானிக்கத் தகுதியற்றோர் என நிறுவும்பொருட்டு, விருந்தினர் ஒருவர் அவரிடம் பொருளாதாரமும் வெளிநாட்டலுவல்களும் பற்றிய வினாக்களைத் தொடுக்கிறார். திகைத்துநிற்பதே தம்மிடம் எதிர்பார்க்கப்படுவதென உணர்ந்து, உதவ இயலவில்லை என்றே ஒவ்வொருமுறையும் விடையிறுக்கிறார். தமக்கிழைக்கப்பட்ட அவமதிப்பையும் கடமையின் பகுதியாக எண்ணும் மனம் இங்கு புலனாகின்றது.

சேவகத்தையே அறமாக உயர்த்திய வர்க்க உறவுதான் அவரது பற்றின்மையை உருவாக்கிற்று எனலாம். ஆயினும் அவர் முற்றாக அறியாதவரல்லர். டார்லிங்டன் பிரபுவிடம் பணியாற்றியதையே அந்நியரிடம் மறுக்கிறார். மறைக்கவேண்டியதொன்று உண்டென உணர்ந்தவரே அவ்வாறு மறுப்பர்.

பிரபுவாவது தம் தவறுகளைத் தாமே தெரிவுசெய்தார், தமக்கு அதுவும் வாய்க்கவில்லை என இறுதியில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் உடனேயே, புதிய அமெரிக்க எசமானரை மகிழ்விக்கும் வேடிக்கைப் பேச்சைப் பயிலத் தீர்மானிக்கிறார். இதனை நாவலின் பலவீனமாகக் கொள்ளுதல் கூடும். நாம் இதனை அதன் யதார்த்தப் பண்பாகவே கருதுகிறோம். தன்னுணர்வு மட்டும் மனிதனை விடுவிப்பதில்லை. அவரது நடுநிலை யாருக்குச் சேவைசெய்தது என்ற வினா வாசகரிடமே விடப்படுகின்றது.