ஈஷாப்பூர் .315 வேட்டை ரைபிள்: ஒரு மதிப்பீடு

ஈஷாப்பூர் .315 என்பது கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள அரசு ரைபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்துவரும் ரைபிள். பெயர் 'ஸ்போர்ட்டிங் ரைபிள்'. உடம்பு மட்டும் படைவீரனுடையது. பிரிட்டிஷ் இந்தியப் படையும் பிற்காலத்தில் நம் காவல்துறையும் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் ஆக்‌ஷனில் .303 குழலுக்குப் பதிலாக 8 மி.மீ. குழலைப் பொருத்தி, முன்பக்க மரத்தைக் குறைத்து, பத்துத் தோட்டா மேகசினை ஐந்து தோட்டா மேகசினாகச் சுருக்கினால் இது கிடைக்கிறது. பழைய போர்த் துப்பாக்கியிலிருந்து வேட்டைத் துப்பாக்கி உருவாக்கும் கலைக்கு இந்தியாவில் உள்ள பெரிய உதாரணம் இதுதான். அந்தக் கலையில் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆக்‌ஷன் என்றால் என்ன

குழலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்றி, பூட்டி, வெடிக்கச் செய்து, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் எஃகுத் தொகுதியே ஆக்‌ஷன். துப்பாக்கியின் உயிர் அதில் இருக்கிறது. தோட்டா வெடிக்கும் கணத்தில் அதன் பின்னழுத்தம் முழுவதையும் தாங்குபவை போல்ட்டும் அதன் பூட்டுக் காதுகளும். தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி மிக நுட்பமான அளவு. அது கூடினால் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

சூலூர், கண்ணம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஃபிட்டிங்' என்ற சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. பம்பு செட்டில் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே பிசகினால் மோட்டார் சூடேறும், சத்தம் போடும், கழற்றி மறுபடி பொருத்தலாம். துப்பாக்கி முன்னறிவிப்புத் தருவதில்லை.

படைகளுக்காகச் செய்யப்பட்ட ஆக்‌ஷன்களை வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் விரும்பியதற்குக் காரணம் இதுதான். அரசுப் பணத்தில், நல்ல எஃகில், கடுமையான சோதனைக்குப் பின் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை அவை. தனியொரு கொல்லர் அத்தகைய ஒன்றை முதலிலிருந்து செய்வது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே ஆக்‌ஷனை வாங்கிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது வழக்கமானது. இந்த 'மற்ற எல்லாம்' என்பதில்தான் கலை இருக்கிறது.

சட்டம் தேர்ந்த தோட்டா

.315 என்ற அளவை எந்த வேட்டைக்காரரும் கேட்டு வாங்கவில்லை. அரசின் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்பது பிரிட்டிஷ் ஆட்சியின் கவலை. படைக்கலக் கிடங்கிலிருந்து திருடப்படும் .303 தோட்டா வெளியே யாருக்கும் பயன்படக் கூடாது. ஆகவே .303 தடைசெய்யப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1962ஆம் ஆண்டு விதிகளும் அதே கவலையைத் தொடர்ந்தன. .303, 7.62 மி.மீ. ஆகிய படைத் தோட்டாக்களை ஏற்கும் ரைபிள்கள் தடை அளவுகளாகவே நீடித்தன.

.303 தோட்டா நுழையாத வேறொரு தோட்டா தேவைப்பட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மி.மீ. மான்லிச்சர் தோட்டா கிடைத்தது. அதுவும் விளிம்புள்ள தோட்டா; .303ஐ விடக் குட்டையானது, தடித்தது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் லீ-என்ஃபீல்டு ஆக்‌ஷனில் இதற்கான ரைபிள்களை இந்தியச் சந்தைக்காகச் செய்தது. ஈஷாப்பூர் அதே வழியில் வந்தது. ஆக, .315 வேட்டை ரைபிளில் ஆக்‌ஷன் ஒரு படையுடையது, தோட்டா அதன் எதிரிப் படையுடையது. முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற இரண்டையும் ஒரே மரக்கட்டையில் சேர்த்து வைத்தது இந்தியச் சட்டம். 244 கிரெயின் எடையுள்ள கனத்த குண்டு, மிதமான வேகம். நூறு கெஜத்துக்குள் மானுக்கும் பன்றிக்கும் போதுமானது. அதற்கு மேல் குண்டின் பாதை வேகமாகத் தாழும்.

ரிக்பி என்ற உரைகல்

இதை மதிப்பிட ஓர் உரைகல் வேண்டும். இந்திய வாசகர்களுக்குப் பழக்கமான ஒன்று உண்டு: ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக, 1907இல் ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு அளித்த பரிசு அது. அதுவும் போர்த் துப்பாக்கியின் வாரிசுதான். ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் செய்யப்பட்ட மௌசர் ஆக்‌ஷன். தோட்டாவோ, போயர்கள் பிரிட்டிஷாரையே சுட்ட 7 மி.மீ. மௌசர் தோட்டாவின் ஆங்கிலப் பெயரிட்ட வடிவம்.

சுவையான ஒரு செய்தி உண்டு. ஜான் ரிக்பி 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர். லீ-என்ஃபீல்டுக்கு முன்னோடியான லீ-மெட்ஃபோர்டு .303 அவர் காலத்தில் உருப்பெற்றது. அந்த ஆக்‌ஷனை அவரைப் போல் அறிந்தவர்கள் சிலரே. ஆனால் அவருடைய நிறுவனம் உயர்தர வேட்டை ரைபிளுக்கு மௌசரைத் தேர்ந்தது. 1898 முதல் 1912 வரை பிரிட்டனில் மௌசரின் ஏக விற்பனையாளராகவும் இருந்தது. .315ஐ மதிப்பிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

தேர்வுக்கான காரணம் போல்ட்டில் தெரியும். மௌசரின் பூட்டுக் காதுகள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு அருகிலேயே உள்ளன. லீயில் அவை பின்னால் உள்ளன. வெடிக்கும்போது காதுகளுக்கு முன்னுள்ள எஃகு நூலளவு அமுங்கி மீள்கிறது. மௌசரின் நகம் போன்ற பற்றி, தோட்டாவை மேகசினை விட்டு எழும்போதே பிடித்துக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு. மௌசரின் கட்டை ஒரே மரம். லீயில் முன்கட்டை வேறு, தோள்கட்டை வேறு; நடுவில் இரும்புக் குவளை. ஒருவரின் கைநீளம், கழுத்து, கண்மட்டம் பார்த்துக் கட்டை செதுக்க முனைபவருக்கு அந்தக் குவளை பெரிய தடை.

எட்டு அடித் தொலைவில்

கட்டையும் எடையும் ஏன் முக்கியம் என்பதற்குக் கார்பெட்டே சாட்சி. 'குமாவுன் ஆட்கொல்லிகள்' நூலில் சௌகர் பெண்புலியின் முடிவை அவர் விவரிக்கும் இடம் வேட்டை இலக்கியத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஒரு பறவையின் முட்டைகளை இடக்கையில் ஏந்தியபடி ஓடைப் பள்ளத்தில் இறங்கிய அவர், பாறையைக் கடந்து திரும்பிப் பார்க்கையில் புலி எட்டு அடித் தொலைவில் படுத்திருந்தது. கையில் இருந்தது இலேசான .275. ஒற்றைக் கையால் அதை மெல்ல மெல்ல வட்டமாகச் சுழற்றிச் சுட்டார்.

பின்னர் அவர் எண்ணிப் பார்த்து, தன்னைக் காத்தவை என்று மூன்றைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று ரைபிள் இலேசாக இருந்தது. கனமாக இருந்திருந்தால் அவ்வளவு மெதுவாக, நடுக்கமின்றி நகர்த்தியிருக்க முடியாது. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள படைத்துறை லீ-என்ஃபீல்டை அந்த இடத்தில் கற்பனை செய்து பார்க்கலாம். போர்த் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக்கும் கலையின் முழுப் பொருளும் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது. உயிர் காத்ததில் மௌசர் தொழிற்சாலைக்கு ஒரு பங்கு. குழலை மெலிதாக்கி, மரத்தைச் செதுக்கி, எடையைக் கையருகே கொண்டுவந்த லண்டன் பட்டறைக்கு மறு பங்கு.

அதே நூலில் எதிர்ச் சாட்சியும் உண்டு. சம்பாவத்தில் தோட்டா தீர்ந்துபோக, தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி உயர்த்தியபோது, குழல்களுக்கும் பின்பூட்டுக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பதைக் காண்கிறார். அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல்! அது வெடித்துச் சிதறாமல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். பள்ளிகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் புலியைப் பற்றியே சொல்கிறார்கள். புலியளவு ஆபத்து அந்த இடைவெளியிலும் இருந்தது.

கொங்கு நாட்டின் புலிக்குத்திக் கற்களிலும் வீரனின் வேலோ வாளோ அவன் கையின் நீட்சியாகவே செதுக்கப்பட்டிருக்கும். ஆயுதம் ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று.

நிறையும் குறையும்

.315க்கு நியாயம் செய்ய வேண்டுமானால் முதலில் அதன் போல்ட்டைப் புகழ வேண்டும். லீ ஆக்‌ஷனின் போல்ட் குறுகிய தூரமே நகர்கிறது. கைப்பிடி விரலுக்கு அருகிலேயே நிற்கிறது. இரண்டாவது குண்டை விரைந்து சுடுவதில் மௌசர் இதற்கு ஈடாகாது. மண்ணையும் மழையையும் தாங்கும். பாதுகாப்பு விசை கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கிறது. மௌசரின் பழைய இறக்கை வடிவ விசையை விட இது வசதியானது. மான்லிச்சர் தோட்டாவின் அழுத்தம் மிதமானதாகையால் பின்பூட்டு இங்கே உண்மையான குறையாவதில்லை. விலையிலும் ரிக்பியோடு ஒப்பிடுவது, அம்பாசிடரை ரோல்ஸ் ராய்ஸோடு ஒப்பிடுவது போலாகும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ரைபிளைச் செய்தவர்கள் மாற்றியவை எல்லாம் சட்டம் மாற்றச் சொன்னவை அல்லது செலவைக் குறைப்பவை. அளவு மாறியது, மேகசின் சுருங்கியது, மரம் குறைந்தது. சுடுபவரின் தோளை நினைத்து என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பிரிட்டிஷ் படைகூட வீரர்களின் உயரத்துக்கேற்ப லீ-என்ஃபீல்டின் தோள்கட்டையைப் பல நீளங்களில் வழங்கியது. படைவீரனுக்குக் கிடைத்த அந்தக் கவனம் வேட்டைக்காரனுக்குக் கிடைக்காதது விந்தை. தொலைநோக்கி பொருத்தவும் லீ ஆக்‌ஷன் எளிதில் இடங்கொடுப்பதில்லை. எனவே ஈஷாப்பூர் .315 உழைக்கும் நல்ல துப்பாக்கி. ஆனால் படையைவிட்டு அது இன்னும் ஓய்வு பெறவில்லை.

கொங்கு நாட்டில்

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு இந்த ரைபிளின் பெயரில் இருந்த 'ஸ்போர்ட்' போய்விட்டது. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் தற்காப்புக்கும் காவலுக்கும் கௌரவத்துக்கும் வைத்திருக்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு இது உரியதன்று என்பதை விவசாயிகள் பலர் அறிவதில்லை. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர் காக்கச் சொல்வது வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியை; .315 போன்ற ரைபிளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்கும் தனிக் காரணம் வேண்டும். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்மையானது. அதற்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையிடமே தரப்பட்டது.

இன்னொரு எண்ணமும் இங்கே உலவுகிறது. சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு அயல்நாட்டு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்ட நாடு இது. எதையும் பிரித்துப் பூட்டலாம் என்பது இவ்வட்டாரத்தின் பெருமை. "லேத்து இருந்தாப் போதுங்க, துப்பாக்கி என்ன பெரிய வித்தை" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும், பழுது பார்ப்பதும், குழலைக் குறைப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். சட்டம் ஒருபுறமிருக்க, எஃகின் பதம், தோட்டா அறையின் அளவு, அழுத்தச் சோதனை ஆகிய மூன்றையும் சாதாரணப் பட்டறையால் உறுதிசெய்ய முடியாது. தாசில்தாரின் துப்பாக்கி எல்லோரிடமும் அதே கருணையைக் காட்டும் என்று எதிர்பார்க்கலாகாது.

சட்டத்தின் நோக்கமும் முழுதாக நிறைவேறவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசுத் தோட்டா கைமாறாமலிருக்க .315 வந்தது, உத்தரப் பிரதேசம், பீகார் பக்கங்களில் பிடிபடும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள் பலவும் இப்போது அந்த.315 தோட்டாவுக்கென்றே செய்யப்படுகின்றன.

இன்று ஒருவர் தம்மிடமுள்ள .315ஐத் தமக்கேற்ப மாற்ற விரும்பினால் ஆக்‌ஷனையும் குழலையும் தொடவே கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்துத் தோள்கட்டையின் நீளத்தைச் சரிசெய்யலாம், அடியில் ரப்பர் மெத்தை வைக்கலாம், போல்ட்டையும் இடைவெளியையும் சோதிக்கச் சொல்லலாம். மூன்றில் கடைசியானதை முதலில் செய்வது நல்லது. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பப் பெறும் துப்பாக்கிக்கு, துருவேறியிருக்கிறதா என்று குழலுக்குள் பார்ப்பதும் அதனோடு சேரும்.