ஆகஸ்ட் டெர்லெத்: எங்கே தொடங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்?

திகில் கதை, துப்பறியும் கதை, சொந்த ஊரைப் பற்றிய நாவல்கள், கவிதை என்று எழுதிக் குவித்தவர் அவர். போதாக்குறைக்குத் தொகுப்பாசிரியர், நாளிதழ் ஒன்றின் இலக்கியப் பகுதி ஆசிரியர், பதிப்பாளர், தபாலில் புத்தகம் அனுப்பும் வியாபாரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சாக் சிட்டி என்ற சிற்றூரில் 1909-இல் பிறந்து, 1971-இல் அங்கேயே மறைந்த ஆகஸ்ட் டெர்லெத்தின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. கைக்குக் கிடைத்ததை எடுத்துப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால், ஒரு வரிசை தேவைப்படுகிறது.

அதற்கு முன் ஒரு கணக்கு. பதினேழு வயதிலேயே, 1926-இல், ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் அவருடைய முதல் கதை வந்தது. அதன்பின் பத்திரிகைகளுக்கு அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி காசுக்காக வேகமாக எழுதியது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அந்தக் காசு போன இடம்தான் முக்கியம்: நஷ்டத்தில் ஓடிய தன் பதிப்பகத்துக்கு, எழுதிச் சம்பாதித்ததைத்தான் அவர் கொட்டினார். டெர்லெத்தின் சுமாரான கதை ஒன்றைப் படித்துச் சலிப்பு வந்தால், அது யாருடைய நல்ல புத்தகத்துக்கு அச்சுக்கூலி ஆனது என்று பாருங்கள். அவரை ரசிக்கும் வழி அங்கேதான் திறக்கிறது.

முதலில் சோலார் பான்ஸ்

கல்லூரியில் படிக்கும்போது, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் இனி வருமா என்று கானன் டாயலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார் டெர்லெத். சாதகமான பதில் வரவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவைத்து, அந்த நாளில் உட்கார்ந்து எழுதியும் விட்டார். இப்படிப் பிறந்தவர்தான் சோலார் பான்ஸ். பேக்கர் தெருவுக்குப் பதில் பிரேட் தெரு. வாட்சனுக்குப் பதில் டாக்டர் பார்க்கர்.

இதைக் காப்பி என்று ஒதுக்காமல் விளையாட்டாகப் படியுங்கள். டாயலின் ‘தோர் பிரிட்ஜ்’ கதையின் தொடக்கத்தில், முடியாமல் போன சில வழக்குகளை வாட்சன் போகிற போக்கில் சொல்வார். அதில் ஒன்று: ஒருவர் புத்தி பேதலித்துப் போய் இருக்கிறார், அவர் முன்னால் ஒரு தீப்பெட்டி, அதற்குள் அறிவியலுக்கே தெரியாத ஒரு புழு. டாயல் அதோடு விட்டுவிட்டார். டெர்லெத் அந்தத் தீப்பெட்டியை எடுத்துப் பான்ஸிடம் கொடுத்து, ‘விசித்திரப் புழு’ என்று முழுக்கதையே எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், எங்கே குருவைப் பின்பற்றுகிறார், எங்கே கண் சிமிட்டுகிறார் என்று பிடிபட்டுவிடும்.

அடுத்து, பதிப்பாளரின் அலமாரி

திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டும் டெர்லெத்தும் பத்தாண்டுக்கும் மேல் கடிதம் எழுதிக்கொண்டவர்கள்; நேரில் பார்த்ததே இல்லை. லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்தபோது அவர் கதைகளைப் பெரிய பதிப்பகங்கள் சீந்தவில்லை. வீடு கட்ட வாங்கிய வங்கிக் கடனில் ஒரு பகுதியை எடுத்து, நண்பர் டொனால்ட் வாண்ட்ரேயுடன் சேர்ந்து 1939-இல் ஆர்க்கம் ஹவுஸைத் தொடங்கினார் டெர்லெத். முதல் புத்தகம் லவ்கிராஃப்டின் ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’: 1,268 பிரதிகள், விலை 5 டாலர். விற்றுத்தீர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின.

பழைய ஆர்க்கம் ஹவுஸ் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், கதைக்குப் போகும் முன் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். எத்தனை பிரதி, எந்த எழுத்துரு, என்ன காகிதம், எந்தக் கறுப்புத் துணியில் கட்டப்பட்டது என்று அச்சிட்டிருப்பார்கள். திகில் கதைகளை மலிவுத்தாளில் மட்டுமே பார்த்த காலத்தில், அவற்றுக்குக் கெட்டி அட்டையும் கௌரவமும் கொடுத்தது இந்தச் சிற்றூர்க் கடை. ராபர்ட் பிளாக்கின் முதல் தொகுப்பு 1945-இல் இங்கேதான் வந்தது; ஹிட்ச்காக் படமாக்கிய ‘சைக்கோ’வை எழுதியவர் இவரே. ரே பிராட்பரி, ஃபிரிட்ஸ் லைபர் இருவரின் முதல் புத்தகங்களும் 1947-இல் இங்கிருந்து வெளியாயின.

பிற பதிப்பகங்களுக்காக அவர் செய்த அறிவியல் புனைகதைத் தொகுப்புகளையும் விட்டுவிடாதீர்கள். 1950-இல் வந்த ‘பியாண்ட் டைம் அண்ட் ஸ்பேஸ்’ பிளேட்டோவில் தொடங்குகிறது. அதில் பொருளடக்கமே ஒரு வாதம்: இந்த வகை எழுத்து நேற்று முளைத்ததல்ல என்கிறார்.

எதைத் தாண்டிப் போகலாம்?

அட்டையில் லவ்கிராஃப்ட் பெயரும் டெர்லெத் பெயரும் சேர்ந்திருந்தால் உஷாராக இருங்கள். 1945-இல் வந்த ‘தி லர்க்கர் அட் தி த்ரெஷோல்ட்’ போன்றவற்றில் லவ்கிராஃப்ட் விட்டுச்சென்ற குறிப்பு கொஞ்சம். மற்றதெல்லாம் டெர்லெத் எழுதியது. லவ்கிராஃப்டின் பிரபஞ்சம் மனிதனைப் பொருட்படுத்தாது. பயம் அதிலிருந்துதான் வருகிறது. டெர்லெத் அதற்குள் நல்ல தெய்வங்களையும் தீய தெய்வங்களையும் கொண்டுவந்து போர் மூட்டிவிட, பயம் நீர்த்துப்போனது. லவ்கிராஃப்டை அசலில் படித்து முடித்த பிறகு வேண்டுமானால் இவற்றைப் புரட்டுங்கள்.

கடைசியில், அவருடைய ஊர்

1961-இல் வந்த ‘வால்டன் வெஸ்ட்’டில் பேயும் இல்லை, பிணமும் இல்லை. ஊர் மனிதர்களைப் பற்றிய சின்னச் சித்திரங்கள், நடுநடுவே ஆற்றங்கரை, பறவைகள், பருவங்கள். ‘வால்டன்’ எழுதிய தோரோவை ஊன்றிப் படித்தவரின் எழுத்து. திகில் கதைகளில் கிடுகிடுவென ஓடும் அதே கை இங்கே நிதானமாக நடக்கிறது. ஒரே மூச்சில் முடிக்காமல் நாளுக்கு நாலைந்து பக்கமாகப் படியுங்கள்.

எழுத்தாளராக மட்டும் எடைபோட்டால் டெர்லெத் இரண்டாம் வரிசைதான். எழுதிய காசில் அடுத்தவர் புத்தகத்தை அச்சிட்டு, பார்சல் கட்டி அனுப்பியதையும் சேர்த்தால் முதல் வரிசையில் இடம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் ‘வால்டன் வெஸ்ட்’டை எடுங்கள், பொழுதுபோக்கு போதும் என்பவர்களுக்குச் சோலார் பான்ஸ்.